கதவு திறந்தது என் கார்டா, நானா?

கேள்வி: நான் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு இரவு 11.42-க்கு என் கார்டால் கதவு திறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மறுநாள் சரக்கு குறைந்திருந்தது. அந்த நேரத்தில் கார்டு வீட்டில் என் பையில் இருந்தது. "மெஷின் பொய் சொல்லாது" என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: மெஷின் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அது சொல்வது, உங்கள் கார்டின் எண் கதவில் உள்ள ரீடருக்கு, அதாவது கார்டைப் படிக்கும் கருவிக்கு, வந்தது என்பதை மட்டும்தான். கொண்டுவந்த ஆள் யார் என்று அதற்குத் தெரியாது. குற்றம் சாட்டுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

முதலில் கார்டைத் திருப்பிப் பாருங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் பழைய வகையாக இருந்தால் அதன் எண் பெரும்பாலும் மேலேயே அச்சாகியிருக்கும். ரீடர் அருகில் போனதும் அந்த எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும்; பக்கத்தில் நிற்பவர் ஒரு சின்னக் கருவியால் சில நொடிகளில் நகலெடுத்துவிடலாம். பாதுகாப்பான கார்டு அப்படியல்ல. ரீடர் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை அனுப்பும். கார்டு தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், அதற்குப் பதில் கணக்கிட்டுத் தரும். சாவி வெளியே வருவதே இல்லை.

ஆனால் சாவி இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. இத்தகைய கார்டுகளில் இருக்கும் மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் 48 பிட் சாவி கொண்ட பூட்டை 2008-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்தார்கள். அதை விளக்கும் அவர்களின் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. அந்நாட்டின் ஆர்ன்ஹெம் நகர நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. பாதிப்புக்குக் காரணம் சிப்பின் குறைதான், கட்டுரை அல்ல என்றது.

இன்னொன்று, இதைத்தான் பலர் கேட்கத் தவறுகிறார்கள். விலை உயர்ந்த கார்டை வாங்கிவிட்டு, அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி ரீடரை அமைத்திருப்பார்கள். பூட்டு இருந்தும் சாவி போடாத கதவு அது. எனவே எழுத்தில் கேளுங்கள்: கார்டு என்ன வகை, ரீடர் ரகசியச் சாவியைச் சரிபார்க்கிறதா, உங்கள் பெயரில் மாற்றுக் கார்டு வழங்கினார்களா, பதிவைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு?

சாவியைச் சரிபார்ப்பது உறுதியானால் உங்கள் நிலை கொஞ்சம் கடினமாகும். அப்புறம் வீட்டில் இருந்ததற்கான சாட்சி, போன் பதிவு எல்லாம் முக்கியமாகிவிடும். பதிலில் "யாரோ நகலெடுத்தார்கள்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். சொன்னால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். "நான் போகவில்லை, கார்டு என்னிடம் இருந்தது" போதும். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று நீங்களே கார்டை நகலெடுக்கவும் வேண்டாம், அதுவே தனிக் குற்றமாகலாம்.

கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடலாம். அதைப் பாதுகாக்கச் சொல்லி இன்றே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.