கேள்வி-பதில்: பனி ஏரிக்கு எந்தத் தூண்டில் நரம்பு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பனிக்கட்டி. பெங்களூரில் ஆலங்கட்டி மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ்தான். ஆனால் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்களே!

கே: பிப்ரவரியில் டொராண்டோவுக்கு மகனிடம் போகிறேன். சிம்கோ ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கலாம் என்கிறான். இங்கே விராலுக்கு வைத்திருக்கும், 20 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பையே எடுத்துப் போகட்டுமா? (ஸ்ரீராமபுரம்)

ப: வேண்டாம் சார், அது இங்கேயே இருக்கட்டும். அங்கே முள்ளில் கோப்பது இரண்டு அங்குலப் பொடிமீன், அதுவும் உயிரோடு. அது துள்ளி நீந்தினால்தான் பெரிய மீன் கிட்டே வரும். 20 பவுண்டு நைலான் நரம்பு சுமார் 0.4 மில்லிமீட்டர் கனம். குளிரில் கம்பி மாதிரி விறைக்கும். பொடிமீன் அதை இழுத்து இழுத்தே களைத்து, பக்கவாட்டில் சாய்ந்து தொங்கும். 4 பவுண்டு நரம்பு அதில் பாதிக் கனம்தான். மஞ்சள் பெர்ச்சுக்கு 4 போதும், வொயிட்ஃபிஷ்ஷுக்கு 6, லேக் ட்ரவுட் மேல் ஆசை இருந்தால் 8.

4 பவுண்டு என்றால் 1.8 கிலோதானே, மூன்று கிலோ மீன் மாட்டினால் அறுந்துவிடாதா என்பீர்கள். தண்ணீருக்குள் மீனுக்குத் தராசு எடை கிடையாது. ரீலின் டிராகை, அதாவது நரம்பை இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கை, தளர்த்தி வைத்தால் மீன் ஓடும்போது நரம்பு விட்டுக்கொடுக்கும். பயப்பட வேண்டியது ஓட்டையின் விளிம்புக்குத்தான். கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். நரம்பு அதில் உரசாமல் ராடு நுனியை ஓட்டைக்கு நேராகவே வையுங்கள். அப்புறம், தெளிந்த பனி 4 அங்குலமாவது இல்லாமல் காலை வைக்காதீர்கள், மகன் கூப்பிட்டாலும்.

கே: பிரெய்டு (பின்னல் நரம்பு) மெல்லிசாகவும் வலுவாகவும் இருக்கிறதே, அதை ஏன் வாங்கக் கூடாது? (விவேக் நகர்)

ப: நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு தடவை எடுத்துப் போனேன். கூடாரம் இல்லாமல் திறந்தவெளியில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ராடின் ஒவ்வொரு வளையத்திலும் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகப் பனி கட்டிவிட்டது. பிரெய்டு இழை பின்னியது; இடுக்கில் தண்ணீர் ஏறி அப்படியே உறைகிறது. சூடேற்றிய குடிசைக்குள் என்றால் பரவாயில்லை. எதில் பிடித்தாலும் கடைசி மூன்றடிக்கு ஃப்ளோரோகார்பன் நரம்பு கட்டுங்கள். தண்ணீரை உறிஞ்சாது, தானே மூழ்கும், மீன் கண்ணுக்கும் நைலான் அளவுக்குத் தெரியாது. முடிச்சை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த முடிச்சு சூடேறி அங்கேயே அறும்.

கே: கடையில் எல்லா நரம்பையும் “குளிருக்கு நல்லது” என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? (கே.ஆர். புரம்)

ப: ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். (என் வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு தனி.) காலையில் எடுத்த கையோடு இரண்டு முழம் உருவித் தொங்கவிடுங்கள். ஜிலேபியாகச் சுருண்டே நின்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது வேண்டாம். சுருண்ட நரம்பில் மீனின் சின்னக் கடி கைக்கு எட்டவே எட்டாது.

கே: மகள் கால்கரியில் இருக்கிறாள். அங்கேயும் இதே கணக்குதானா? (அல்சூர்)

ப: இல்லைம்மா. அல்பர்ட்டா மாகாணத்தில் உயிர்மீனை இரையாக வைக்கவே கூடாது, சட்டம். அங்கே பைக் மீனுக்குச் செத்த மீனைத்தான் போடுவார்கள். அது நீந்த வேண்டியதில்லையே, அதனால் 30 பவுண்டு தடித்த நரம்பும் சரிதான். பைக்கின் பல் எந்த நரம்பையும் அறுக்கும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி அவசியம்.

கே: அப்பா வைத்திருந்த பழைய தங்கூஸ் (நைலான் நரம்பு) ஒரு சுருள் இருக்கிறது. ஜிலேபிக் கெண்டைக்கு ஆகுமா? (பிரேசர் டவுன்)

ப: வெயிலில் கிடந்ததென்றால் ஆகாது. கையில் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். அறுந்தால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள், ஏரிக்கரையில் வேண்டாம். கொக்கின் காலில் சிக்கும்.