ஆகஸ்ட் வேண்டாம், மே கடைசியில் போங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. வருகிற ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக் காட்டில் நான்கு இரவு கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். "அங்கே எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம், சட்டமே இருக்கிறது. ராத்திரி விறகு மூட்டி மீன் சுடலாம்" என்கிறார். லோமண்ட் ஏரிக்கரையைப் பார்த்தும் வைத்துவிட்டார். நாங்கள் யாரும் இதுவரை கூடாரத்தில் படுத்ததே இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்லும் சட்டம் உண்மைதான். ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அதற்காகக் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சிறிய கூடாரம், சில பேர், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு, வீடுகளையும் சாலையையும் விட்டுத் தள்ளி என்பதுதான் ஏற்பாடு. காரை ஓரங்கட்டி அதிலேயே படுப்பது இதில் சேராது. அவர் பார்த்து வைத்திருக்கும் லோமண்ட் ஏரியிலோ, 2017 முதல் கரையின் பல பகுதிகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை முன் அனுமதி வாங்காமல் கூடாரம் போட முடியாது. உரிமை இருக்கிறது என்று கிளம்பிப் போய், பிள்ளைகளோடு இருட்டில் இடம் தேடி அலைய வேண்டாம்.

இடத்தைவிட எனக்குக் கவலை மாதம்தான். மேற்கிலும் வடக்கிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்னும் பொடிப் பூச்சியின் ராஜ்ஜியம். கொசுவில் கால்வாசிகூட இருக்காது. காற்று நின்று, மேகம் மூடி, ஈரம் தங்கிய சாயங்காலத்தில் கூட்டமாக வந்து தலைமுடிக்குள்ளும் காது மடிப்பிலும் புகுந்து கடிக்கும். சட்டியை இறக்கிச் சோறு போடுவதற்குள் பிள்ளைகள் அழுதுகொண்டு கூடாரத்துக்குள் ஓடிவிடுவார்கள். லேசான காற்று அடித்தால் போதும், அதால் பறக்க முடியாது. அதனால் ஏரியோரத்தில் காற்றோட்டமான திறந்த இடம் நல்லது. தலையை மூடும் பூச்சி வலை ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள், மலிவுதான்.

மே கடைசி வாரம் உங்கள் பிள்ளைகளுக்கு அரைப்பருவ விடுமுறை வருமே, அப்போது போங்கள். மிட்ஜ் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் பெரும்பாடு. தூங்கும்போது கண்ணை மறைக்கும் பட்டை கொண்டுபோங்கள்.

இடம்? கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவில், அவிமோர் ஊருக்குப் பக்கத்திலுள்ள கிளென்மோர். மார்லிக் ஏரியை ஒட்டியே கேம்ப்சைட் இருக்கிறது, கழிப்பறை, குளியலறையோடு. முதல் தடவைக்கு இது இருந்தால்தான் நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். சுற்றிலும் பழைய பைன் காடு, செந்நிற அணில். ஏரிக்கு மணல் கரையே உண்டு. படகும் வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீர் மட்டும் கோடையிலும் நடுக்கும், வெட்சூட் என்னும் குளிர் தாங்கும் நீச்சல் உடை போடாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். ஆன் லோக்கன் உவானே என்ற பச்சைநிறக் குளம் மகளும் நடக்கிற தூரம்தான். தேவதைகள் அதில் துணி துவைத்ததால் பச்சையானது என்று ஊர்க்கதை. 1952 முதல் அங்கே மேயும் ரெயின்டீர் என்னும் பனிமான் மந்தைக்கு மே மாதம் கன்று ஈனும் காலம். காரில் ஐந்நூறு மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்றால், லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து வரும் இரவு ரயில் அவிமோரில் நிற்கும். சனி இரவு மட்டும் கிடையாது.

விறகு மூட்டும் ஆசையை விட்டுவிடச் சொல்லுங்கள். 2025 கோடையில் அவிமோருக்கு வடக்கே கார்பிரிட்ஜ், டாவா பக்கம் பெரும் காட்டுத்தீ பரவியது. இப்போது அந்தப் பூங்காவில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நெருப்பு மூட்டவும் பார்பிக்யூ போடவும் தடை. சிறிய காஸ் அடுப்பே போதும். புளிக்காய்ச்சலும் சோறும் செய்து சாப்பிடுங்கள், மீனை ஊருக்கு வந்து சுடட்டும்.

மே மாத இரவு சில நாள் பூஜ்யத்துக்குப் பக்கம் போகும். கூடாரத்துக்கு அதிகம் செலவழித்துவிட்டு அடியில் விரிக்கும் மெத்தையில் கஞ்சத்தனம் செய்கிறவர்கள் நிறையப் பேர். குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

அப்புறம் உண்ணி. புதரில் நடந்து வந்த அன்றே பிள்ளைகளின் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நசுக்காமல், எண்ணெய் ஊற்றாமல், மருந்துக்கடையில் விற்கும் உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். ஊர் திரும்பி வாரங்கள் கழித்துக்கூட அந்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தால் லைம் நோயாக இருக்கலாம். ஜி.பி. என்னும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டி, உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.

ஆளில்லாக் காட்டில் தங்கும் ஆசை கணவருக்கு அப்போதும் தீரவில்லை என்றால், கடைசி இரவு மகனை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும். அந்தச் சமயம் கேப்பர்கேலி என்னும் அருகிவரும் பறவை தரையில் முட்டையிடும் பருவம். அதைத் தொந்தரவு செய்யாமல் எங்கே தங்கலாம் என்று கிளென்மோர் வருகையாளர் மையத்தில் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். நீங்களும் மகளும் கேம்ப்சைட்டிலேயே இருந்துவிடுங்கள். விடுமுறை வாரம் என்பதால் இடம் சீக்கிரம் நிரம்பும், இப்போதே பதிவு செய்யுங்கள்.