‘பதிவு வரி மட்டும்தான் பாக்கி’ என்கிறார், வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் ஜப்பானில் பாவித்த டொயோட்டா ரைஸ் கார் ஒன்றைத் தன் பெயரில் இறக்கி எட்டு மாதம் ஆகிறது. காசுக் கஷ்டத்தால் பதியாமல் வீட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். ‘பதிவு வரி மட்டும்தான் பாக்கி, அதைக் கட்டி உங்கள் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள்’ என்று சந்தை விலையில் 5 இலட்சம் குறைத்துத் தருகிறார். சுங்கக் கடதாசியில் சி.ஐ.எஃப். பெறுமதி 35 இலட்சம் என்று இருக்கிறது. இந்தக் கிழமைக்குள் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. கார் நல்ல காராகவே இருக்கலாம், பிரச்சினை அவர் சொல்லும் அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லில் இருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டபோது இலங்கை அரசாங்கம் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. சொந்தப் பாவனைக்கென்று கொண்டுவரும் வாகனத்தை, கொண்டுவந்தவர் தன் பெயரிலேயே 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் சி.ஐ.எஃப். பெறுமதியில், அதாவது காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையில், 3 வீதம் தாமதக் கட்டணம். வாங்கிக் குவித்து வைத்துவிட்டு விலை ஏறிய பிறகு விற்பதைத் தடுக்கத்தான் இது.

உங்கள் காருக்குக் கணக்குப் பாருங்கள். 35 இலட்சத்தில் 3 வீதம் 1,05,000 ரூபாய். எட்டு மாதத்தில் முதல் மூன்றைக் கழித்தால் ஐந்து மாதம், அப்படியென்றால் 5,25,000. அவர் குறைத்த 5 இலட்சம் அதிலேயே போய்விட்டது, மேலே 25,000 உங்கள் தலையில். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் இன்னும் ஒரு இலட்சம் ஏறும். அவர் அவசரப்படுத்துவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, பணத்தை விட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ‘வரி பாக்கி’ என்று ஒருவர் சொன்னால் எந்த வரி என்று கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். முறையாகத் துறைமுகத்தில் இருந்து வெளியே வந்த கார் என்றால் சுங்க வரி, உற்பத்தி வரி, வற் (பெறுமதி சேர் வரி), ஆடம்பர வரி பொருந்துமென்றால் அதுவும், எல்லாம் அங்கேயே கட்டி முடிந்திருக்கும், அதற்குப் பற்றுச்சீட்டும் இருக்கும். தாமதக் கட்டணமும் பதிவுச் செலவும் மட்டும் பாக்கி என்றால் அது காசால் தீரும் விஷயம். சுங்க வரியே கட்டாத கார் என்றால் கதை வேறு. வரிச் சலுகைப் பெர்மிட்டில் வந்ததோ, குறுக்கு வழியில் வந்ததோ, சுங்கம் பிடித்தால் அப்போது யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அங்கிருந்துதான் தூக்கிக்கொண்டு போவார்கள், நீங்கள் கொடுத்த காசுக்கு அங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

அதனால் முதலில் சுங்கப் பிரகடனத்தின் மூலப் பிரதியையும் வரி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் கேளுங்கள். போனில் எடுத்த படம் வேண்டாம். அதில் உள்ள பெயரை அவருடைய அடையாள அட்டையோடும், செசி இலக்கத்தை, அதாவது காரின் சட்டக இலக்கத்தை, காரில் குத்தியிருக்கும் இலக்கத்தோடும் நீங்களே நின்று ஒப்பிடுங்கள். ஜப்பானில் பதிவை நீக்கிய ஏற்றுமதிச் சான்றிதழிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

எல்லாம் சரி என்றால் அவர் தாமதக் கட்டணத்தைக் கட்டி, நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தன் பெயரில் பதிந்து, சி.ஆர். எனும் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு உங்களுக்கு மாற்றித் தரட்டும். கட்டக் காசில்லை என்றால் அந்தத் தொகையை நீங்கள் விலையில் இருந்து கழித்து, அவரோடு கூடவே போய்க் கட்டலாம், சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தில் போட்டுக்கொண்டு. மீதிப் பணம் சி.ஆரில் உங்கள் பெயர் ஏறும் நாளில்தான். ‘ஓப்பன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பிறகு மாற்றலாம்’ என்று, வாங்குபவர் பெயர் நிரப்பாத மாற்றப் படிவத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு வரி அடையாள இலக்கம் இல்லாவிட்டால் இப்போதே எடுத்து வையுங்கள், பெயர் மாற்ற அது தேவைப்படும்.

இன்னொன்று, இந்த வழியில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர் ஆகிறீர்கள். நாளைக்கு விற்கப் போனால் அதற்கே விலையைக் குறைத்துக் கேட்பார்கள், ஆகவே அதையும் சேர்த்துப் பேசுங்கள். அப்புறம், பதிவு முடியும் வரை ‘சும்மா வீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்’ என்று சாவியைத் தந்தாலும் ஓட்டாதீர்கள். பதியாத காரைப் பொது வீதியில் ஓட்டுவது குற்றம், யாரிலாவது தட்டுப்பட்டால் காப்புறுதியும் கைகொடுக்காது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அவர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.