நிசேயா முதல் கிருஷ்ணகிரி வரை: சபை வரலாறு, கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சபைகளிலிருந்து வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில். வசனங்கள் நம் கையில் இருக்கும் பழைய திருப்புதலிலிருந்து (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு).

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, கான்ஸ்டன்டைன் ராஜா நிசேயாவில் ஓட்டுப் போட வைத்துத்தான் பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கணும் என்று முடிவு செய்தார் என்கிறார்கள். யூடியூபில் நிறைய பேர் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. நிசேயா சங்கம், அதாவது சபைத் தலைவர்களின் பெரிய கூட்டம், கூடியது 325-இல், இன்றைய துருக்கியின் இஸ்னிக் ஊரில். கூட்டியவர் கான்ஸ்டன்டைன்தான். ஆனால் அங்கே பேசியது வேறு விஷயம். "குமாரன் பிதாவால் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு வேளை இருந்தது" என்று எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற சபை மூப்பர் போதித்தார். அதற்குப் பதிலாகத்தான் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்ற விசுவாசப் பிரமாணம் எழுதப்பட்டது. வந்திருந்தவர்கள் ஏறக்குறைய முந்நூறு கண்காணிகள் (பிஷப்புகள்). கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் தெயோனாஸ், செக்குந்துஸ் என்ற இருவர்.

சங்கம் போட்ட 20 விதிகள் இன்றும் கையில் இருக்கின்றன, வாசித்துப் பார்க்கலாம். உபத்திரவ காலத்தில் விசுவாசத்தை மறுதலித்தவர்களை எப்படித் திரும்பச் சேர்ப்பது, ஊழியர்கள் வட்டிக்கு விடலாமா என்பதெல்லாம் உண்டு. இருபதாவது விதி, ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போடாமல் நின்று ஜெபிக்க வேண்டும் என்கிறது, ஏனென்றால் அது உயிர்த்தெழுதலின் நாள். வேதாகமப் புத்தகப் பட்டியல் இந்த இருபதில் எங்கும் இல்லை.

பட்டியல் வந்த வழி வேறு. 180-ஐ ஒட்டியே ஐரேனியுஸ் என்ற கண்காணி சுவிசேஷம் நான்குதான் என்று வாதாடுகிறார். நிசேயா காலத்துச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ், புதிய ஏற்பாட்டு நிருபங்களில் யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவற்றைச் சிலர் ஏற்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். நம் 27 புத்தகங்களையும் அப்படியே சொல்லும் முதல் பட்டியல் அலெக்சாந்திரியாவின் கண்காணி அத்தனாசியுஸ் 367-இல் சபைகளுக்கு எழுதிய பண்டிகைக் கடிதத்தில் இருக்கிறது. அதற்குள் கான்ஸ்டன்டைன் இறந்து முப்பது வருஷம். இனி அப்படி வீடியோ வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த ஆவணம்? எந்த விதி எண்?

ஓசூர், இல்லத்தரசி: வீட்டுக்கு வந்தவர்கள் கொலோசெயர் 1:15-ஐக் காட்டி, இயேசுவை "முந்தின பேறுமானவர்" என்றால் முதலில் படைக்கப்பட்டவர் என்கிறார்கள் ஐயா.

சிஸ்டர், அடுத்த வசனத்தையும் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். "அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது." சகலத்தையும் சிருஷ்டித்தவர் அந்தச் சகலத்துக்குள் ஒருவராக இருக்க முடியாது. பிறகு சங்கீதம் 89:27. அங்கே தாவீதைத் தேவன் முதற்பேறானவனாக்குவேன் என்கிறார். தாவீதோ ஈசாயின் கடைசிப் பிள்ளை. ஆக இந்தச் சொல் உரிமையையும் மேன்மையையும் குறிக்கிறது. பிறந்த வரிசையைப் பற்றியதல்ல.

அரூர், வேதபாட ஆசிரியர்: 1 யோவான் 5:7-இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி புதிய மொழிபெயர்ப்புகளில் காணோம். திரித்துவத்தை எடுத்துவிட்டார்களா?

இந்தப் பயம் பல சபைகளில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய திருப்புதலில் அந்த வரி உண்டு, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. காரணம் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள். அந்த வரி இருக்கும் பிரதிகள் மிகச் சில, அவையும் பிற்காலத்தவை. எராஸ்முஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அது கிடையாது. 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். பிறகு அச்சான கிரேக்கப் பதிப்புகள் அதைத் தொடர்ந்தன, அங்கிருந்து மொழிபெயர்ப்புகளுக்கும் வந்தது. சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் தன் காலத்தில் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் அந்த வரி இல்லை. லூத்தர் திரித்துவத்தை மறுத்தாரா? இல்லையே.

நிசேயாவுக்குப் பின் அத்தனாசியுஸ் ஆரியுஸின் பக்கத்தாரோடு வாழ்நாளெல்லாம் வாதாடினார். இந்த வரி இல்லாமலே வாதாடினார். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14, யோவான் 1:1 ஆகியவை அப்படியே நிற்கின்றன. வகுப்பில் திரித்துவம் நடத்தும்போது இவற்றிலிருந்து தொடங்குங்கள். 5:7-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால், யாராவது அதைக் கேள்வி கேட்கும் அன்று பிள்ளைகள் மொத்தமும் போச்சு என்று நினைப்பார்கள்.

பென்னாகரம், சபை மூப்பர்: கோடையில் ஞானஸ்நானத் தொட்டி நிரப்பத் தண்ணீர் லாரிதான். தலையில் ஊற்றினால் செல்லுமா? ஒகேனக்கல் போகலாமா?

முதல் சபைகளுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது ஐயா. டிடாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூலின் 7-ஆம் அதிகாரம் சொல்வது இது: ஓடும் தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெதுவெதுப்பானது, இரண்டும் இல்லையென்றால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே தலையில் மூன்று முறை ஊற்று. பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசிக்க வேண்டும், கொடுக்கிறவரும் உபவாசிக்க வேண்டும். முழுக்கே முறை என்று நம் சபைகள் பிடிப்பது சரியே. ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு ஊற்றிக் கொடுத்ததைச் செல்லாது என்று சொல்ல நமக்கு அதிகாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தொட்டிக் கணக்கு: 7 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,400 லிட்டர். பெறுகிறவர் முழங்காலிட்டால் 2 அடி போதும், 1,600 லிட்டருக்குள் முடியும். தண்ணீர் நெஞ்சுவரை இருந்தால் சாய்க்கும்போது கால் மேலே மிதந்து ஆள் தடுமாறுவார், இடுப்பளவே நல்லது. போதகர் பக்கவாட்டில் நின்று ஒரு கையைப் பிடரியிலும் மறு கையைப் பெறுகிறவரின் கட்டிய கைகள்மேலும் வைக்கட்டும். வெள்ளை நைட்டி நனைந்தால் ஒட்டும், நனையுமுன் பலூன் மாதிரி எழும்பும். அடர்ந்த நிறப் பருத்தி உடை போட்டு, ஓரத்தில் ஊக்கு (சேஃப்டி பின்) குத்துங்கள். மிக முக்கியம்: தண்ணீரில் நிற்பவர் வயர் மைக்கைத் தொடவே கூடாது. கரையில் நிற்பவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒகேனக்கல் வேண்டாம். பாறை வழுக்கும், மேலே அணை திறந்தால் நீர் சட்டென்று ஏறும்.

கிருஷ்ணகிரி, வாலிபர் ஐக்கியச் செயலர்: எங்கள் ஊரில் லூத்தரன் சபை தனி, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தனி. ஒரே வேதம்தானே, ஏன்?

வந்த வழி வேறு. சேலத்தில் 1827-இல் லண்டன் மிஷனின் ஹென்றி கிறிஸ்ப் வேலை தொடங்கினார். அந்த மிஷனின் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக 1947 செப்டம்பர் 27-இல் சி.எஸ்.ஐ.-க்குள் வந்தன. கிருஷ்ணகிரியிலோ, ஜெர்மனியின் லூத்தரன் மிஷனான லைப்சிக் மிஷனிலிருந்து வேதாகமத்தின் தேவ ஆவியருளிய தன்மை பற்றிய கருத்து வேறுபாட்டால் பிரிந்த மிஷனரி நேதர், அமெரிக்காவின் மிசௌரி சினட் என்ற லூத்தரன் சபையின் ஆதரவோடு 1895-இல் வேலை தொடங்கினார். அவரோடு பிரிந்த மோன் ஆம்பூருக்குப் போனார். நேதர் 1904-இல் பிளேக் நோயில் இறந்தார். இந்த வழியில் வந்ததுதான் ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லூத்தரன் சபை). அது சி.எஸ்.ஐ. இணைப்பில் சேரவில்லை. திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே கொடுக்கப்படுகின்றன என்பதில் லூத்தரன்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாமல், 1 கொரிந்தியர் 10:16-ஐ இரு சபை வாலிபர்களும் சேர்ந்து ஒரு மாலை வாசியுங்கள்.

காவேரிப்பட்டணம், ஓய்வு பெற்ற ஆசிரியை: தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேட எங்கே தொடங்குவது?

அம்மா, முதலில் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத் தாள்கள், பிறகு பழைய திருமணச் சான்று. அதில் எந்தச் சேகரம் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபை வட்டாரம்) என்று தெரிந்துவிடும். அந்தச் சபைப் போதகரிடம் எழுத்தில் கேளுங்கள்: பெயர், தகப்பன் பெயர், ஏறக்குறைய எந்த வருஷம். பெரும்பாலும் தேடல் தவறுவது பெயரில்தான். ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் எடுத்திருப்பார், ஆகவே பழைய பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். சேகரம் பிரிந்திருந்தால் பதிவேடு தாய்ச்சபையிலேயே இருக்கும். மிஷனரிகளின் கடிதங்கள் வேண்டுமென்றால், லண்டன் மிஷனுடையவை லண்டனின் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில், மிசௌரி மிஷனுடையவை செயின்ட் லூயிஸின் கன்கார்டியா ஹிஸ்டாரிகல் இன்ஸ்டிடியூட்டில். பக்கத்தில் பெங்களூரு யு.டி.சி. (ஐக்கிய இறையியல் கல்லூரி) ஆவணக்காப்பகமும் இருக்கிறது.

பதிவேடு கிடைத்தால் ஜெராக்ஸ் போட வேண்டாம், கண்ணாடியில் அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் மொபைலில் எடுங்கள். முதல் படம் அட்டை, இரண்டாவது பக்க எண் தெரிகிற முழுப் பக்கம், மூன்றாவது தாத்தாவின் வரி மட்டும்.