ஏழை மண்ணில் இத்தனை செடியா? – கேள்வி பதில்

ஓரிடத்தில் எத்தனை வகை உயிர் இருக்கும் என்பதை எது முடிவு செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து அன்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். செடிகளைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

சாட்ஸ்வொர்த்: நம் நேட்டால் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள கேப் மலைகளில் வெறும் புதர். அங்கேதான் செடி வகை அதிகமாமே?

ஆமாம். அங்கே சுமார் 90,000 சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய 9,000 வகை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. (பரப்பைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது!)

மண்தான் முதல் காரணம். கொழுத்த மண்ணில் வேகமாக வளரும் நாலு செடி மற்றதையெல்லாம் மூடிவிடும். புல்வெளிக்கு எருவை அள்ளிக் கொட்டிப் பாருங்கள், தெரியும். கேப்பில் இருப்பது போன்ற சத்தில்லாத ஏழை மண்ணில் யாரும் யாரையும் அமுக்க முடியாது.

அடுத்தது காலம். பனியுகத்தில் வட ஐரோப்பாவைப் பனிப்பாறை வழித்தெடுத்தது. கேப் தப்பித்தது, பழைய வகைகள் அழியாமல் புதியவை சேர்ந்துகொண்டே போயின.

அப்புறம் எறும்பு. எனக்குப் பிடித்தது இதுதான். பல செடிகளின் விதையில் எண்ணெய்ச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைச் சில அடி தூரம் இழுத்துப்போய்ப் புற்றில் புதைக்கும். விதை அடுத்த மலைக்குப் போவதில்லை. அதனால் மலைக்கு மலை இனம் பிரிகிறது. எரிகா என்ற ஒரே புதர்ப் பேரினத்தில் 600 வகைக்கு மேல்!

டொங்காட்: மழை கூடினால் வகையும் கூடும்தானே?

பொதுவாகச் சரி. ஈக்வடாரின் யசுனிக் காட்டில் 25 ஹெக்டேரிலேயே 1,100க்கு மேற்பட்ட மர வகைகள். வெப்பமும் ஈரமும் பெரிய காரணம்தான், ஒரே காரணம் அல்ல.

ஃபீனிக்ஸ்: எல்லாம் மழையால்தானே?

மேலே பாருங்கள்.

இசிபிங்கோ: என் மாமரத்தில் வெள்ளைப்பூச்சி.

நர்சரியில் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கேப் புதர்க்காட்டை வேண்டுமென்றே கொளுத்துகிறார்களே, பாவமில்லையா?

கொளுத்தாவிட்டால்தான் பாவம். பல விதைகள் புகை பட்டால்தான் முளைக்கும்.

சாட்ஸ்வொர்த் (மறுபடியும்): ஐயா, ஆமை வெந்து சாகிறதே! கரும்புக்காட்டுத் தீயையும் இப்படித்தான் நியாயப்படுத்துவீர்களா?

ஆமை சாவது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கரும்புக்காட்டில் இருப்பது ஒரே பயிர். அங்கே தீ எந்த வகையைக் காப்பாற்றும்? புதர்க்காட்டிலும் அடிக்கடி எரித்தால் கெடுதல்தான். புரோட்டியா என்ற புதர் காய்த்து விதை சேர்க்கப் பல வருஷம் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் புரோட்டியாவே இருக்காது.

மெரிபேங்க்: மழை குறைந்தால்...

மூன்றாவது தடவை. விடுங்கள்.

வெருலம்: எறும்பெல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வந்தேறியான அர்ஜென்டினா எறும்பு உள்ளூர் எறும்பை விரட்டிவிட்டுச் சதையைத் தின்னும், விதையைப் புதைக்காது. வெளியே கிடக்கும் விதை எலிக்குப் போகும். கேப் பக்கம் போய்வந்தால் செடித் தொட்டி எதையும் கொண்டுவராதீர்கள்; தொட்டி மண்ணோடு அதுவும் வரும்.