'மச்', 'மெனி', 'லெஸ்', 'ஃபியூவர்': கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் 'மச்' எங்கே வரும், 'மெனி' எங்கே வரும் ஐயா?

பதில்: எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லின் பன்மைக்கு முன் 'மெனி'; எண்ண முடியாததற்கு முன் 'மச்'. ஆயினும், 'ஐ ஹேவ் மச் மணி' என்று பேச்சில் சொல்வதில்லை. தனி 'மச்' பெரும்பாலும் வினாவிலும் எதிர்மறையிலும்தான் இயல்பாக ஒலிக்கும். மற்ற இடங்களில் இருவகைக்கும் பொதுவான 'எ லாட் ஆஃப்' போதும்.

கேள்வி: பணத்தைத்தான் தினமும் எண்ணுகிறோமே, 'மணி' எப்படி எண்ண முடியாததாகும்?

பதில்: நாம் எண்ணுவது ரூபாயை. பொருளைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. 'ரைஸ்' எண்ண முடியாதது, பருப்பைக் குறிக்கும் 'லென்டில்ஸ்' எண்ணக்கூடியது என்பதற்குத் தானியத்தின் பருமனில் காரணம் கிடைக்காது. கற்போருக்கான அகராதியில் சொல்லின் அருகே 'சி' (எண்ணக்கூடியது) அல்லது 'யூ' (எண்ண முடியாதது) என்ற குறி இருக்கும். அதைப் பாருங்கள்.

கேள்வி: 'ஃபியூ', 'எ ஃபியூ' வேறுபாடு?

பதில்: 'ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றால் நண்பர்கள் இல்லாத குறை தெரிகிறது, 'எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றால் சிலராவது இருக்கிறார்கள். 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டும் எண்ண முடியாதவற்றுக்கு இப்படியே. 'குவைட் எ ஃபியூ' மட்டும் ஏமாற்றும். அதன் பொருள் கணிசமான எண்ணிக்கை.

கேள்வி: 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' சரியா?

பதில்: தவறு, இரண்டும் எண்ண முடியாதவை. 'எ பீஸ் ஆஃப்' சேர்த்து எண்ணலாம்.

கேள்வி: 'லக்கேஜஸ்'? 'இன்ஃபர்மேஷன்ஸ்'?

பதில்: மேலே சொன்னதேதான். அகராதியில் குறியைப் பாருங்கள்.

கேள்வி: கடைகளில் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' (பத்துப் பொருள் அல்லது அதற்கும் குறைவு) என்று எழுதுவது பிழைதானே? 'ஃபியூவர்' அல்லவா வர வேண்டும்?

பதில்: இங்கிலாந்தில் இதற்காகப் பெரிய சச்சரவே நடந்தது, டெஸ்கோ என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2008இல் 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றி ஒதுங்கிக்கொண்டது. எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்' மட்டுமே உரியது என்னும் விதி, 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தமக்கு அது நயமாகத் தோன்றுவதாக எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஒருவருடைய விருப்பம் காலப்போக்கில் சட்டமாகிவிட்டது.

கேள்வி: பலரும் செய்வதால் பிழை சரியாகிவிடுமா? விதியைத் தளர்த்துவது மாணவர்களைக் கெடுக்காதா?

பதில்: பழைய ஆங்கிலத்திலேயே 'லெஸ்' எண்ணிக்கைக்கும் வந்திருக்கிறது, அப்படியிருக்க, பின்னால் வந்த விதியைக் கொண்டு முன்னிருந்த வழக்கைப் பிழை என்பது எப்படிப் பொருந்தும்? மேலும் தூரம், பணம், காலம் ஆகியவற்றை மொத்த அளவாகக் கருதுவதால் 'லெஸ் தேன் 5 கிலோமீட்டர்ஸ்', 'லெஸ் தேன் 500 ருபீஸ்' என்பவையே இயல்பானவை. விதியை மனப்பாடம் செய்தவர்கள் அங்கும் 'ஃபியூவர்' போட்டு வாக்கியத்தைக் கெடுக்கிறார்கள். என் கவலை அதுதான். தேர்வுத்தாளில் மட்டும், 'புக்ஸ்', 'ஸ்டூடன்ட்ஸ்' போன்றவற்றுக்கு 'ஃபியூவர்' எழுதிவிடுங்கள்; திருத்துபவரோடு உங்களால் வாதிட முடியாது.

கேள்வி: அப்படியானால் 'அமவுண்ட் ஆஃப் பீப்பிள்' என்பதையும் ஏற்பீர்களா?

பதில்: மாட்டேன். 'நம்பர் ஆஃப் பீப்பிள்' என்றே எழுதுங்கள்.