மஜெரின் குதிகால்

கேள்வி: குதிகாலால் கோல் போட்ட அல்ஜீரிய ஆட்டக்காரர் மஜெர், பயிற்றுநராகவும் சாதித்தாரா? என் மகன் திடலில் அதைப் பழகுகிறான்; பந்து கோணலாகவே போகிறது. (வாசகர், செந்தூல்)

பதில்: ரபா மஜெர் அந்தக் கோலைப் போட்டது 1987 மே 27, வியன்னாவில். ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ண இறுதியில், அவர் ஆடிய போர்ச்சுகல் கழகமான போர்ட்டோ 2–1 என ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக்கை வென்றது. சில நிமிடத்தில் சக ஆட்டக்காரர் ஜுவாரி போட்ட வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் மஜெரே. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பயிற்றுநராக? சுமார்தான். 1993 தொடங்கி நான்கு முறை தேசிய அணியை ஏற்றார். கிண்ணம் எதுவும் வரவில்லை. 2018 ஜூனில் நட்புமுறை ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் 0–3 தோல்வி, அதே மாதம் பதவி போனது. அடுத்து வந்த பெல்மாடி 2019இல் ஆப்பிரிக்கக் கிண்ணத்தையே வென்றார்.

மகனுக்கு: ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கட்டும். அடிக்கும் கால் பந்தைத் தாண்டிப் போய், முழங்கால் மடங்கி, நேர் பின்னால் வரவேண்டும். கணுக்கால் தளர்ந்தால் குதிகாலின் ஓரம் பட்டுப் பந்து கோணும். முதலில் நிற்கும் பந்தில் பழகட்டும். திடல் நனைந்திருந்தால் வேண்டாம், ஊன்றுகால் வழுக்கும்.